யானைக்குட்டி மேல் கால் பட்ட வியாழக்கிழமை

செவ்வாய், பகல் 12.50

காலை ஏழேகாலுக்குப் புது டெல்லியில் என்னை இறக்கிவிட வேண்டிய ரயில், பகல் பன்னிரண்டு ஐம்பதுக்கு இறக்கியது. ஆக்ராவைத் தாண்டியதும் மூடுபனி. எஞ்சின் டிரைவர் ஒவ்வொரு சிக்னலையும் கிட்டே போய் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார் என்று நினைக்கிறேன். 'ஜன்னல் சீட்டு கிடைச்சிருக்கு, வடநாட்டை நல்லாப் பாத்துக்கிட்டே போ' என்று ஊரில் சொல்லியனுப்பியிருந்தார்கள். பார்த்தேன். வெள்ளையாக இருந்தது.

1999 ஜனவரி. வாயைத் திறந்தால் பீடி பிடிக்கிறவன் மாதிரி புகை வந்தது. நான் தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷமாக டிரில் மாஸ்டர். ஒவ்வொரு வருஷமும் பையன்களின் தொப்பை உள்ளே போகிறது, என்னுடையது வெளியே வருகிறது. இரண்டு ஸ்வெட்டர், தலையில் மஃப்ளர், மேலே சால்வை என்று நான் பிளாட்பாரத்தில் நின்ற கோலத்தைப் பார்த்து ஒரு போர்ட்டர் என்னையே லக்கேஜ் என்று நினைத்துக் கையை நீட்டினார்.

ஆட்டோக்காரர் ஆர்.கே.புரத்துக்கு நூற்றைம்பது கேட்டார். மீட்டரைக் காட்டினேன். "கராப்" என்றார். கெட்டுப்போய்விட்டதாம். தொண்ணூறுக்குப் படிந்தது. பன்னிரண்டு கிலோமீட்டர்.

"மதராஸியா?" என்று கேட்டார்.

"தென்காசி" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "ஒண்ணுதான்" என்று இந்தியில் சொல்லி என்னைச் சமாதானப்படுத்தினார்.

இவ்வளவு தூரம் என்னை இழுத்தது தங்கை செண்பகத்தின் கடிதம். அவள் கணவர் சங்கரலிங்கம், என் மாப்பிள்ளை, டெல்லியில் ஓர் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் கூடக் காவலர். பாடம் செய்து நிறுத்தியிருக்கிற புலி, கரடி, யானைக்குட்டியை ஜனங்கள் தொடாமல் பார்த்துக்கொள்வது வேலை. பதினொரு வருஷமாகத் தற்காலிகம். எண்பத்தொன்பது நாள் வேலை கொடுப்பார்கள். தொண்ணூறாவது நாள் நிறுத்திவிடுவார்கள். மறுநாள் புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். தொடர்ந்து தொண்ணூறு நாள் பார்த்துவிட்டால் உரிமை என்று ஒன்று முளைத்துவிடுமாம். அது முளைக்காமல் பதினொரு வருஷம் களையெடுத்திருக்கிறார்கள்.

இப்போது மூன்று இடம் நிரந்தரமாகிறது. தற்காலிகமாக இருப்பவர்கள் ஐந்து பேர். வியாழக்கிழமை கமிட்டி வந்து, ஐவரும் வேலை பார்க்கிற அழகை நேரில் பார்த்து, மூவரை எடுக்கும். மற்ற இருவர் இந்த மாதக் கடைசியோடு வீட்டுக்கு. மாப்பிள்ளைக்கு மார்ச்சில் நாற்பது முடிகிறது. அதன்பின் எந்த அரசாங்க வாசலிலும் மனுக் கொடுக்க முடியாது. 'நீ வந்து பக்கத்துல நின்னா எனக்குத் தைரியமா இருக்கும் அண்ணே' என்று செண்பகம் எழுதியிருந்தாள்.

அருங்காட்சியகத்தின் பெயரை எழுதப்போவதில்லை. அவர்கள் மேல் குற்றம் எதுவும் இல்லை. படிக்கப் படிக்கத் தெரியும்.

செவ்வாய், பிற்பகல் 2.30

வீடு என்பது ஓர் அறை. யாரோ ஒரு குமாஸ்தாவுக்குக் கிடைத்த அரசாங்கக் குவார்ட்டர்ஸின் பின்னறையை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அது சட்டப்படி கூடாது என்பதால் யாராவது அதிகாரி வந்தால் செண்பகம் குமாஸ்தாவின் ஒன்றுவிட்ட தங்கையாகிவிட வேண்டும். ஐந்து வருஷமாகத் தங்கையாகப் பழகியதில் குமாஸ்தாவின் சம்சாரத்தோடு நாத்தனார் சண்டையே வந்துவிட்டது என்றாள். பால்கனியில் ஸ்டவ். அதன்மேல் கயிறு கட்டி மாப்பிள்ளையின் காக்கி உடுப்பு காய்ந்தது. காய்ந்தது என்பது மரியாதைக்கு. அந்தக் குளிரில் அது விறைத்துப்போய்த் தொங்கியது, உள்ளே ஆள் இருப்பது மாதிரி.

"வேலை நிரந்தரமாச்சுன்னா எங்க பேருக்கே ஒரு குவார்ட்டர்ஸ் எழுதிக் கேக்கலாம் அண்ணே" என்றாள். "பிறவு நான் யாருக்கும் தங்கச்சியா இருக்கவேண்டாம், உன்னைத் தவிர."

சாயங்காலம் மாப்பிள்ளை வந்தார். ஒல்லி. சத்தம் வராமல் நடப்பார். பதினொரு வருஷம் செத்த மிருகங்களுக்கு நடுவில் நடந்து அவருக்கும் அந்த அமைதி ஒட்டிக்கொண்டது.

"வாங்க மச்சான். டிரெயின்ல தொந்தரவு ஒண்ணுமில்லையே?"

"என்னால டிரெயினுக்குத்தான் தொந்தரவு. கமிட்டிக்கு ரெடியா மாப்ள?"

"ரெடியா இருந்து என்ன செய்ய? இந்தப் பனியில ஆளே வரமாட்டேங்கி. நேத்து மொத்தம் ஒம்பது பேரு. அதுல ரெண்டு பேரு பாத்ரூம் கேட்டு வந்தவுக."

செண்பகம் ஸ்டவ்வை அணைத்துவிட்டு எங்கள் நடுவில் வந்து உட்கார்ந்தாள். சின்ன வயதில் மாங்காய் திருடத் திட்டம் போடும்போது இதே மாதிரிதான் வந்து உட்காருவாள்.

"ஆளே இல்லைன்னா இவுக எப்படி வேலை பாக்காகன்னு கமிட்டிக்கு எப்படித் தெரியும்? சும்மா நிக்க மனுசனுக்கும் சும்மா நிக்க கரடிக்கும் என்ன வித்தியாசம்? அண்ணே, வியாழக்கிழமை நீ போ. டிக்கெட் எடுத்துட்டுப் போ. யாரோ மாதிரி போ. நல்லா மரியாதை தெரிஞ்ச ஆளு மாதிரி சுத்திப் பாரு. புலிகிட்ட நின்னு இவுககிட்ட ஒரு கேள்வி கேளு. இவுக பணிவா பதில் சொல்லட்டும். கமிட்டி பாக்கட்டும்."

மாப்பிள்ளைக்கு இது பிடிக்கவில்லை. முகத்திலேயே தெரிந்தது. ஆனால் பெண்டாட்டியின் அண்ணன் எதிரே உட்கார்ந்து, ஆகா பிரமாதம் என்று தொடையைத் தட்டிக்கொண்டிருக்கும்போது அவர் எப்படி வேண்டாம் என்பார்? 'அச்சா' என்று மட்டும் சொன்னார். டெல்லிக்காரர்கள் சரி என்பதற்கும் அப்படித்தான் சொல்கிறார்கள், ஐயோ என்பதற்கும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

புதன், மாலை 5.00

ஒத்திகை. மொட்டை மாடியில். தூரத்தில் மலை மந்திர் முருகன் கோவில் கோபுரம் பனிக்குள் பாதி தெரிந்தது. அந்தப் பக்கம் பார்த்து மூன்று பேரும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஆரம்பித்தோம்.

பார்வையாளருக்கான விதிகளை மாப்பிள்ளை மனப்பாடமாகச் சொன்னார். பை, குடை, தின்பண்டம் எல்லாவற்றையும் வாசல் கவுண்ட்டரில் கொடுத்துவிட வேண்டும். இடதுபுறமாகவே நடக்க வேண்டும். ஓடக் கூடாது, உரக்கப் பேசக் கூடாது. கண்ணாடிமேல் சாயக் கூடாது. ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கக் கூடாது. படம் வரைகிறவர்கள் பென்சிலால் வரையலாம், பேனா கூடாது. கயிற்றைத் தாண்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, எதையும் தொடக் கூடாது.

"ஏன்வே, செத்த புலி கடிச்சிருமா?"

"நாமதான் கடிப்போம் மச்சான். ஒரு கை பட்டா ஒண்ணும் தெரியாது. ஆயிரம் கை பட்டா முடி போயிரும். எங்க கரடிக்கு மூக்குக்கு மேல ஒரு பிடி முடி கிடையாது. நான் சேருகதுக்கு முன்னாடி தடவித் தடவியே மொட்டையாக்கிட்டாவ. அது போக அந்தக் காலத்துத் தோலுக்கெல்லாம் பாஷாணம் தடவியிருக்கு. தொட்ட கையை வாயில வச்சா வயித்துக்கு ஆகாது."

யாராவது தொடப் போனால் அவர் என்ன செய்வார் என்று கேட்டேன். அவருக்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் பக்கத்தில் போய் நிற்பார், தன் நிழல் அந்த ஆள்மேல் விழும்படி. பாதிப் பேர் அதிலேயே கையை இழுத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் ஒரு இருமல். அதற்கும் மசியாதவர்களுக்கு விசில். விசில் ஊதியாகிவிட்டால் அந்த ஆளின் பெயர், தகப்பன் பெயர், ஊர் மூன்றையும் கேட்டுக் குற்றப் பதிவேட்டில் எழுத வேண்டும். அது விதி.

"வருசத்துக்கு எத்தனை தடவை ஊதுவீரு?"

"நாலு, அஞ்சு. ஊதுனா மனுசன் முகம் சுண்டிப்போகும். பாக்க முடியாது மச்சான்."

ஊதிக் காட்டச் சொன்னேன். ஊதினார். தொண்டை கட்டிய குருவி கத்துவதுபோல் இருந்தது. இருபத்தெட்டு வருஷ விசில் அனுபவம் எனக்குள் விழித்துக்கொண்டது. விசிலை வாங்கினேன். "உதட்டுல வைக்காதேயும், பல்லுல கடியும். நாக்கை வச்சு அடையும். வயித்துல இருந்து காத்தை ஏத்தும். நாக்கை எடும்." ஊதினேன். பக்கத்து மாடிகளில் நாலைந்து தலை எழுந்தது. கீழே ஒரு ஸ்கூட்டர் பிரேக் போட்டு நின்றது. எங்கேயோ ஒருவர் "கியா ஹுவா பையா?" என்று கத்தினார், என்ன ஆச்சு அண்ணே என்று. செண்பகம் சிரித்துச் சிரித்துத் தண்ணீர்த் தொட்டிமேல் சாய்ந்துவிட்டாள். டெல்லிக்கு வந்து பதினொரு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்துத் தான் பார்த்ததில்லை என்று மாப்பிள்ளை சொன்னார். அவரும் ஊதப் பழகினார். ஏழாவது தடவை நன்றாகவே வந்தது.

படுக்கப்போகும்போது என்னிடம் தனியாகச் சொன்னார்: "மச்சான், நாளைக்கு நீங்க ஒண்ணையும் தொடாம வந்துட்டுப் போயிட்டாப் போதும். கேள்விகூட வேண்டாம்."

வியாழன், காலை 8.40

அவர் ஏழு மணிக்கே போய்விட்டார். "ஜல்தி கிளம்பு" என்று செண்பகம் விரட்ட, நான் பஸ் ஏறினேன். ஐந்து ரூபாய் டிக்கெட். கண்டக்டர் தன் சீட்டிலேயே உட்கார்ந்திருக்க, பணம் கை மாறிக் கை மாறிப் போய், டிக்கெட்டும் சில்லறையும் கை மாறிக் கை மாறி வந்து சேர்ந்தன. இடையில் ஆறு பேர், ஒருவர்கூட எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊர்ப் பஸ்ஸில் இது நடக்குமா என்று யோசித்துக்கொண்டே வந்ததில் ஒரு நிறுத்தம் தாண்டிப்போய், முக்கால் கிலோமீட்டர் திரும்பி நடந்தேன்.

வியாழன், காலை 10.10

நுழைவுக் கட்டணம் இரண்டு ரூபாய். பையைக் கவுண்ட்டரில் கொடுத்துப் பித்தளை வில்லை வாங்கிக்கொண்டேன். வாசலில் ஆளுயரப் பலகையில் இந்தியிலும் இங்கிலீஷிலும் பதினாலு விதிகள். பதினாலையும் நின்று படித்தேன். அதைப் பார்த்து டிக்கெட் கிழிக்கிறவர் சந்தேகப்பட்டார். அதுவரை யாரும் படித்ததில்லை போலிருக்கிறது.

இரண்டாவது மாடியில் மாப்பிள்ளையின் கூடம். நீளமான அறை, மங்கலான விளக்கு, நாப்தலின் உருண்டை வாசனை. இடதுபுறம் சதுப்பு நிலக் காட்சி: பெயின்ட் அடித்த வானம், மெழுகுத் தாமரை, ஒற்றைக் காலில் கொக்கு. அடுத்து மொட்டை மூக்குக் கரடி. பிறகு புலி. புலிக்கு எதிரே, நடைபாதையின் வலது ஓரத்தில், தாழ்வான மேடைமேல் யானைக்குட்டி. சுற்றி நான்கு பித்தளைக் கம்பம், சிவப்புக் கயிறு. என் இடுப்பளவு உயரம். தும்பிக்கையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்க்கிற மாதிரி நின்றது. முன்னங்கால் ஒன்று மேடை விளிம்பைத் தாண்டிக் கயிற்றுக்கு அடியில் வந்திருந்தது. அந்தக் கால் இல்லாவிட்டால் நான் இந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

மாப்பிள்ளை கூடத்தின் நடுவில், கைகளைப் பின்னால் கட்டி, இஸ்திரி போட்ட காக்கியில் நின்றார். கழுத்தில் வெள்ளைக் கயிற்றில் விசில். என்னைப் பார்த்தார். யாரையோ பார்ப்பதுபோலப் பார்த்தார். நானும் யாரோபோல நடந்தேன். யாரோ எப்படி நடப்பான் என்று தெரியாததால் மிலிட்டரிக்காரன் மாதிரி நடந்தேன். கூடத்தில் வேறு பார்வையாளர் ஒருவரும் இல்லை.

வியாழன், காலை 10.45

கமிட்டி வந்தது. மூன்று பேர். கோட் போட்டவர் ஒருவர், அவர்தான் பெரியவர் என்று நடையில் தெரிந்தது. ஸ்வெட்டர் போட்டவர் ஒருவர், ஃபைலைச் சுமந்துகொண்டு. காஷ்மீர்ச் சால்வை போர்த்திய அம்மாள் ஒருவர். வாசலருகே நின்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

நான் நல்ல பார்வையாளராக இருந்தேன். இதை யாரும் மறுக்க முடியாது. கொக்கைப் பார்த்தேன், கண்ணாடியில் சாயாமல். கரடியைப் பார்த்தேன், மூக்கைத் தொட ஆசை வந்தும் கையைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டேன். புலியிடம் வந்தேன். கேள்வி வேண்டாம் என்று மாப்பிள்ளை சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் மூன்று பேரும் என்னையே பார்க்கிறார்கள், மேடையில் ஏறிவிட்டு வசனம் பேசாமல் எப்படி இறங்குவது? புலியை முழுசாகப் பார்க்க வேண்டும் என்கிற பாவனையில் ஓரடி பின்னால் வைத்தேன். இன்னும் ஓரடி.

என் வலது குதிகால் எதன் மேலோ பட்டது. யானைக்குட்டியின் கால்.

நம் ஊரில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பஸ்ஸில் பக்கத்துக்காரர் மேல் கால் பட்டால் என்ன செய்வோம்? கீழே கிடக்கிற புத்தகத்தில் பட்டால்? கை தானாகப் போகும். மூளையிடம் கேட்காது. அதுவும் யானை. பிள்ளையாரின் முகம். திரும்பினேன், குனிந்தேன், கயிற்றுக்கு மேலே வயிறு, கயிற்றுக்குக் கீழே கை, யானைக்குட்டியின் காலைத் தொட்டேன், தொட்ட விரலை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன். நல்லபடியாக ஒரு தடவை செய்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவசரத்தில் சரியாகப் படவில்லையோ என்று இரண்டாவது தடவையும் தொட்டு ஒற்றிக்கொண்டேன்.

நிமிர்ந்தபோது மாப்பிள்ளை எனக்கு நாலடி தூரத்தில் நின்றார். விசில் பல்லுக்கு நடுவில் இருந்தது. நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே கடித்திருந்தார். கன்னம் உப்பியிருந்தது. நாக்கை எடுக்க வேண்டியதுதான் பாக்கி.

எடுக்கவில்லை.

நான் எத்தனையோ ஆயிரம் தடவை விசில் ஊதியவன். ஊதலாமா வேண்டாமா என்று ஒரு நாளும் நின்றதில்லை. அந்த மனிதர் அப்படி நின்றதை, உப்பின கன்னம் மெல்ல மெல்ல இறங்கினதை, சுவரோரமாக நின்று பார்க்கிற புலி மாதிரி நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். விசில் வாயிலிருந்து நழுவிக் கயிற்றில் தொங்கியது.

வியாழன், காலை 10.50

கோட் போட்டவர் வந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். அதுதான் எனக்கு நன்றாக வருகிறதே. அமைதியாக இந்தியில் கேட்டார்: "பார்த்தீர்களா?"

"பார்த்தேன் சார்" என்றார் மாப்பிள்ளை.

"ஏன் ஊதவில்லை?"

மாப்பிள்ளை தொங்கிய விசிலைப் பிடித்துச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"சரி. பதிவேட்டில் எழுதுங்கள். பெயர், தகப்பனார் பெயர், ஊர்."

ஸ்வெட்டர் போட்டவர் பதிவேட்டைக் கொண்டுவந்து ஸ்டூல்மேல் விரித்தார். மாப்பிள்ளை பேனாவைத் திறந்தார். இப்போதுகூட ஒன்றும் கெட்டுப்போகவில்லை. யாரோ ஒரு மதராஸி, ஏதோ ஒரு பேர், எழுதி முடித்தால் தீர்ந்தது. விசில் ஊதாததற்கு ஒரு திட்டு, அவ்வளவுதான். நான் அவருக்குக் கண்ணைக் காட்டினேன். எழுதும்வே, எழுதும்.

பேனா இரண்டாவது கட்டத்தின் மேலேயே நின்றது. தகப்பன் பெயர். என் அப்பாவின் பெயர். சங்கரன்கோவிலில் ஒரு அரிசிக் கடையில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்த பையனுக்கு, இவன் தங்கமானவன் என்று சொல்லிப் பெண்ணைக் கொடுத்த மாமனாரின் பெயர். செத்துப்போய் ஆறு வருஷம். அதைக் குற்றவாளிகளின் ஏட்டில், புலி முடி பிடுங்கினவனுக்கும் கண்ணாடியில் துப்பினவனுக்கும் கீழே, தன் கையால் எழுதவேண்டும்.

"பையா, எழுதுங்கள்" என்றார் ஸ்வெட்டர்.

அப்போது நான் செய்த காரியத்துக்கு என்னிடம் சமாதானம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் எந்தக் குழப்பத்திலும் நடுவில் புகுந்து நானே முடித்துவைத்துப் பழக்கம். ஒரே எட்டில் ஸ்டூலுக்குப் போய், "இங்க தாரும் மாப்ள, நானே எழுதுதேன்!" என்று பேனாவைப் பிடுங்கினேன். ஆ. பரமசிவம், த/பெ ஆறுமுகம், தென்காசி. தமிழில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு, தேதியும் போட்டேன். சாம்பிராணி, தேதி வேறு.

சால்வை அம்மாள் என்னைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். அவருக்கு எப்படியோ ஒரு தமிழ் வார்த்தை தெரிந்திருந்தது.

"மாப்ளே?" என்றார். பிறகு இந்தியில், "சொந்தக்காரரா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எங்கள் ஊரில் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவோம் என்று நான் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மாப்பிள்ளை சொல்லிவிட்டார்: "ஆமா அம்மா. என் மனைவியின் அண்ணன்."

கோட் போட்டவர் ஃபைலை வாங்கினார். ஒரு வரி எழுதினார். நீளமான வரிகூட இல்லை. மேலே மூன்றாவது மாடிக்குப் போய்விட்டார்கள், மற்ற நான்கு பேரைப் பார்க்க.

நான் யானைக்குட்டிக்குப் பக்கத்திலேயே நின்றேன். மாப்பிள்ளை என்னருகில் வந்து கயிற்றை நேராக்கினார்.

"போயி கையையும் கண்ணையும் நல்லாக் கழுவிருங்க மச்சான். சோப்புப் போட்டு. பாஷாணம்."

வெள்ளி, மாலை 4.00

பட்டியல் ஒட்டிவிட்டார்கள். மூன்று பெயர். மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து அந்த மூன்றையும் வரிசையாகச் சொன்னார், ஒவ்வொருவருக்கும் எத்தனை பிள்ளைகள் என்பதையும் சேர்த்து. நல்ல மனுசங்க என்றார். அவருடைய எண்பத்தொன்பது நாள் இருபத்தெட்டாம் தேதியோடு முடிகிறது. அதன்பின் புதிதாகச் சேர்க்க மாட்டார்கள்.

செண்பகம் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தோசை சுட்டுப் போட்டுக்கொண்டே இருந்தாள். நான் ஐந்தாவது தோசையில் நிறுத்தச் சொன்னேன். ஆறாவதும் விழுந்தது. பேசினதெல்லாம் அவரிடம்தான்.

"ஊதியிருக்கலாம்லா?"

"எப்படி ஊத? உங்க அண்ணன் யானைக்குக் கும்பிடு போடுதாக. நான் பீப்பி ஊதவா?"

"ஊதியிருக்கணும்."

"நாளைக்கு நான் தென்காசிக்கு வந்தா எந்த முகத்தோட அவுக வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்ட?"

"இப்ப எந்த முகத்தோட நான் இந்த வீட்டுல இருக்கப்போறேன்? மார்ச்சுல குமாஸ்தாவுக்கு டிரான்ஸ்ஃபராம். அடுத்து யாரு வீட்டுக்கு நான் தங்கச்சியாப் போக, சொல்லுங்க?"

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இடையில் புகுந்து, எல்லாம் என் தப்பு, என்னை ஏசு, என்னைத் தூக்கிப் பால்கனிக்கு வெளியே போடு, என் கனத்துக்குக் குவார்ட்டர்ஸே இடிந்தாலும் இடியும் என்று சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. என்னுடைய சரக்கு அந்த அறையில் விலை போகவில்லை. இருபத்தெட்டு வருஷமாக எதைக் கெடுத்தாலும் ஒரு சிரிப்பில் தப்பித்து வந்தவன், அன்றைக்குத்தான் சிரிக்கவைக்க முடியாத ஓர் இடத்தில் நின்றேன்.

சால்வை அம்மாளைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிறேன் என்று காலையிலேயே அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். அவர் டூரில் இருந்தார். கோட் போட்டவரைப் பார்க்கச் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும், சீட்டில் காரணம் எழுத வேண்டும். எழுதிக் கொடுத்து ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சீட்டு திரும்பி வந்தது. பின்பக்கத்தில், முடிவு எடுக்கப்பட்டுவிட்டது என்று இங்கிலீஷில் அழகான கையெழுத்து.

சனி, மாலை 6.00

திரும்பும் ரயில் ஆறே முக்காலுக்கு. வேண்டாம் வேண்டாம் என்றும் கேட்காமல் மாப்பிள்ளை ஸ்டேஷனுக்கு வந்தார். சனிக்கிழமை அவருக்கு அரை நாள். அந்த அரை நாளுக்கும் லீவு எழுதிக் கொடுத்திருந்தார், இன்னும் எத்தனை நாள் எழுதிக் கொடுக்க முடியுமோ அத்தனை நாள் மரியாதை. பெட்டியை என் கையில் கொடுக்கவே மாட்டேன் என்றார். செண்பகம் வரவில்லை. புளியோதரை கட்டிக் கொடுத்துவிட்டிருந்தாள். பொட்டலம் கனமாக இருந்தது. நாலு பேர் சாப்பிடலாம். கோபத்தில் இருப்பவள் இவ்வளவு கட்டியிருக்க மாட்டாள் என்று நினைத்தேன், பிறகு கோபத்தில்தான் அளவு தெரியாமல் போயிருக்கும் என்றும் நினைத்தேன்.

தென்காசிக்கு வாங்க, ஏதாவது பார்க்கலாம் என்றேன். அங்கே என்ன இருக்கு மச்சான் என்று கேட்டார். மில்லில் வாட்ச்மேன் வேலை இருக்கும் என்றேன். மில் என்ற வார்த்தையைச் சொல்லும்போதே அது மூடி இரண்டு வருஷமாகிறது என்பது ஞாபகம் வந்துவிட்டது. அவருக்கும் தெரியும். தலையாட்டினார்.

டெல்லியில் ஐந்து நாளில் நான் பார்த்தது ஒரு கோபுரத்தின் பாதி, ஒரு கொக்கு, ஒரு கரடி, ஒரு புலி, ஒரு யானைக்குட்டி. செங்கோட்டை பார்க்கவில்லை. ஊரில் எல்லாரும் கேட்பார்கள். பனி என்று சொல்லிவிடலாம். பனியும் இருந்தது.

ரயில் அசைந்தது. நான் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு படியில் நின்றேன். அவர் கூடவே நடந்து வந்தார், சத்தம் வராத அந்த நடை.

"மாப்ள, ஒரு வார்த்தை ஏசிரும்வே. உமக்குப் புண்ணியமாப் போகும்."

"என்ன மச்சான் பேச்சு இது."

"ஒரே வார்த்தை."

வண்டி வேகம் எடுத்தது. அவர் நடையை எட்டிப் போட்டார். நான் இன்னும் கொஞ்சம் வெளியே சாய்ந்தேன், அவர் சொல்லப்போவது காதில் விழ வேண்டுமே என்று.

"உள்ள போங்க!" என்று கத்தினார். நான் அவரிடம் அதுவரை கேட்டிராத குரல். பிளாட்பாரத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "படியில நிக்கக் கூடாது! உள்ள போங்கன்னு சொல்லுதேம்லா!"

போனேன். பெட்டிகளைத் தாண்டி, கால்களைத் தாண்டி, என் சீட்டு ஜன்னலுக்குப் போய்க் குனிந்து பார்ப்பதற்குள் பிளாட்பாரம் முடிந்திருந்தது. வெளியே பனி. உட்கார்ந்தபோது எதிர் சீட்டுக்காரரின் முழங்காலில் என் கால் பட்டது. அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கையை மடிக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஜான்சி வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.